சாக்கு

மூன்றாம் நம்பர் கூண்டு ஏறியதும்
படகெல்லாம் கரைக்கு வந்துவிட்டன.
கடலுக்குப் போகாத ஊரில்
ஐஸுக்கு என்ன வேலை.
மண்டபம் வடக்குக் கரையில்
எங்கள் கம்பெனிக்குள்
நானூறு பார் அப்படியே கிடந்தது, கரண்டு இல்லாமல்.

பாலத்தில் காற்று அதிகம் என்று
ரயிலை ஸ்டேஷனிலேயே நிறுத்திவிட்டார்கள்.
டிக்கெட் எடுத்தவர்களுக்குக் கல்யாண மண்டபம் திறந்தது.
பொட்டலம் வந்தது, பாய் வந்தது.
டிக்கெட் எடுக்காதவர்கள்
மீன் ஏலக் கொட்டகைக்கு வந்தார்கள்,
கூரை மட்டும் உள்ள கொட்டகை.

"குளிரா? நம்ம ஊர்லயா?"
மதுரையிலிருந்து போனில் முதலாளி சிரித்தார்.
தப்பில்லை. இங்கே கடைத்தெருவில் கம்பளி கேட்டால்
எந்த மலைக்குப் போறீங்க என்பார்கள்.
எனக்குப் பதினோரு வருசமாகக்
குளிரில்தான் சோறு.
இந்தக் கரைக்கு அது பனியாக வராது,
ஈரமாக வரும்.
வாடையை மடியில் கட்டிக்கொண்டு வந்து
நனைந்த வேட்டிக்குள் உட்கார்ந்து
விடியும்வரை எழுந்திருக்காது.

நம்புராஜன் டார்ச் பிடித்தான்.
எட்டுப் பேர். ஒரு நாய்.
நடுங்குகிறவர்களிடம் முதலில் ஓடினான்.
"அவங்க இருக்கட்டும்டா,
நடுங்காத ஆளைத் தூக்கு."

தூணோரம் ஒருவர், தெலுங்கோ ஒடியாவோ,
வாய் குழறியது.
சித்திரை வெயிலில் நிற்பவர் போலச்
சட்டைப் பித்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார்.
மீன்வண்டியில் படுக்கவைத்து
அலுங்காமல் தள்ளினோம்.

கரண்டு போனால் ஐஸ்மேல் கொட்டவென்று
மூட்டை மூட்டையாக உமி இருந்தது.
சாக்கு ரூமில் அவிழ்த்துக் கொட்டினேன், முழங்கால் உயரம்.
அதன்மேல் தெர்மாகோல் பெட்டியின் மூடிகள்.
மேலே அடிக்கிற காற்றைவிடத்
தரையிலிருந்து ஏறுவதுதான் ஆளைத் தின்னும்.
ஈரத்துணியை உருவி
காய்ந்த சாக்குக்குள் கழுத்துவரை இறக்கி
ஐஸுக்குப் போடுகிற அதே கட்டு போட்டோம்.
சுவருக்கு அந்தப் பக்கம் நானூறு பார்
சொட்டத் தொடங்கியது கேட்டது.
உமிக்குத் தெரியாது
உள்ளே இருப்பது எது என்று.
குளிரைக் கொடுத்தால் குளிரைக் காக்கும்,
சூட்டைக் கொடுத்தால் சூட்டை.
கொஞ்சமாவது கொடுத்தால்தான் காக்கும்.
அதனால் நம்புராஜனை அவர் முதுகோடு
ஒட்டிப் படுக்கச் சொன்னேன்.

அடைத்த கடையைத் திறந்து
கலந்தர் சுக்குத்தண்ணி போட்டு வந்தார்,
கருப்பட்டி தூக்கலாக.
இரண்டு மணிக்குமேல்தான் அந்த ஆள்
நடுங்க ஆரம்பித்தார்.
பல் அடிக்கிற சத்தத்தில் நாய் எழுந்துவிட்டது.
ஏதோ ஆகிவிட்டதென்று நம்புராஜன் அழுதான்.
அப்போதுதான் நான் வெளியே போய்
ஒரு பீடி பற்றவைத்தேன்.

ஒருத்தி மட்டும் வரவில்லை.
தராசு மேடையில் உட்கார்ந்தபடி
எடைக்கல்லைத் தூக்கிக் காட்டினாள்.
இரண்டு தரம் கெஞ்சினேன்.
மூன்றாம் தரம் பேசவில்லை.
காற்று படாத பக்கமாக ஒரு மூடி,
நாலு சாக்கு, ஒரு தூக்கு சுக்குத்தண்ணி
வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.
பொய். திரும்பிப் பார்த்தேன்.
கல் இன்னும் என் பக்கம்தான் இருந்தது.

விடிந்ததும் முதலாளி பேசினார்.
ஒரு லோடு உமி எங்கே,
அறுபது பார் ஏன் தண்ணியாய்ப் போச்சு,
நாளைக்குப் படகு இறங்கினால்
கேட்கிறவனுக்கு என்ன சாக்குச் சொல்லுவே.

"ஏழு" என்றேன்.
"நாயோட சேர்த்து எட்டு."

இந்த மாசச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்.
பிடிக்கட்டும்.

நாலு நாள் கழித்து உச்சிப்புளி பஸ் ஸ்டாப்பில்
எங்கள் கம்பெனிப் பேர் எழுதிய மூடியைப்
போட்டு உட்கார்ந்திருந்தாள்.
நல்ல வெயில்.
பஸ்ஸுக்குள்ளிருந்து கை காட்டினேன்.
பக்கத்தில் தடவித் தடவி
ஒரு கல்லைத் தேடினாள்.